அசெபேயாவும் கோழிக் கொத்தும்

வெள்ளவத்தையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிரேக்க, உரோம நாகரிகம் படிப்பித்த டியூஷன் மாஸ்டர் அவர். ஒல்லியான ஆள், காதுக்குள் புதராக மயிர். கடவுள் இல்லை என்று சத்தமாகவே சொல்வார். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் முருகன் கோயிலுக்கு வருவார். சேர்ட்டைக் கோயிலுக்கு வெளியே, காலி வீதியிலேயே கழற்றி, நாலாக மடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் உள்ளே நுழைவார்.

பக்தனான எனக்குப் பொறுக்கவில்லை. பிரசாத வரிசையில் ஒருநாள் கேட்டே விட்டேன். "நம்பாத ஆளுக்கு இங்க என்ன வேலை, மாஸ்டர்?"

"பழைய கிரேக்கத்தில அசெபேயா எண்டு ஒரு குற்றம் இருந்தது. தெய்வநிந்தை எண்டு சொல்லலாம், ஆனா முழுசாப் பொருந்தாது. மனசுக்குள்ள நம்புறீரோ எண்டதை விட, தெய்வத்துக்கும் தாய் தேப்பனுக்கும் செத்தவைக்கும் செய்ய வேண்டியதை ஒழுங்காச் செய்தனீரோ எண்டதுதான் பெரிய கேள்வி. நான் செய்யிறன்."

"நானும் செய்யிறன்தானே?"

"போன கிழமை பாமன்கடையில நீர் கோழிக் கொத்து ரொட்டி சாப்பிடேக்க, பக்கத்து மேசையில பிளேன் டீ குடிச்சது நான்தான். உம்மட ஃபோனில ஐயர் திவச மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆற்ற திவசம்?"

"அப்பான்ர" என்றேன். தம்பி கனடாவில் செய்த திவசம். கமெராவை நிறுத்திவிட்டு நானும் வீடியோவில் கலந்துகொண்டிருந்தேன்.

"மைக்கையும் நிப்பாட்டியிருக்கலாம்" என்றார். "கல்லில கொத்து அடிக்கிற சத்தத்தில அங்க ஐயற்ற மணி கேட்டிராது."

இப்போதெல்லாம் சந்நிதியில் கண்ணை மூடினால் முருகன் வருவதில்லை. கக்கத்தில் சேர்ட்டோடு அந்த நாத்திகர்தான் வந்து நிற்கிறார்.