குதிரை வழி விட்டு நின்ற மூலை

எங்கள் தேவாலயத்துச் சுவாமி குதிரைகளுக்குக் கதவு திறக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டபோது பங்குச் சனத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் அவருக்காகச் செபம் சொன்னார்கள். நான் அப்போது கோயிலில் முதல் நன்மை வாங்கிய புதிது, சின்னப் பிள்ளை.

ஈஸ்ட் ஹாமிலிருந்து பஸ் மாறிப் போனால் லண்டன் முடிகிற இடத்தில் ஒரு பெரிய புல்வெளி வரும். கோடை விடுமுறையில் அங்கே ரோடியோ என்று பலகை நட்டு ஒரு குதிரைச் சாகசக் கூட்டம் வந்து இறங்கும். பெயர்தான் ரோடியோ. அடங்காத குதிரையைக் கயிறு போட்டு விழுத்த இந்த நாட்டுச் சட்டம் விடாது. பழக்கிய குதிரைகள், துள்ளச் சொன்னால் துள்ளும். ஆனாலும் விழுந்தால் விழுந்ததுதான்.

சனிக்கிழமைகளில் சுவாமி சம்பளமில்லாமல் அங்கே போய், குதிரைகள் வெளியே வருகிற மரக்கதவைத் திறந்து மூடினார். கழுத்தில் வெள்ளைப் பட்டை, தலையில் அவர்கள் கொடுத்த அகலத் தொப்பி.

"கோயில் கதவு திறக்கப் பஞ்சி, அலுப்பு. குதிரைக்குத் திறக்கிறாராம்" என்று பூசை முடிந்து வரும்போது ஒரு அன்ரி சொன்னா. அம்மாவும் சிரித்தா. மாமா வந்து ஒரு செய்தி சொல்லும் வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு.

மாமா அம்மாவின் தம்பி. அந்த ரோடியோவில் லாயம் கூட்டுகிற வேலை அவருக்கு. கோடை தொடங்கியபோது ஒரு போலந்துப் பெடியன் சாம்பல் குதிரையிலிருந்து வேலியோரம் விழுந்து, ஆட்கள் ஓடிப் போவதற்குள் உயிரை விட்டுவிட்டான். அவனும் எங்களைப் போலக் கத்தோலிக்க வேதக்காரன்தானாம். அதற்குப் பிறகு அந்தக் குதிரை ஓடி வந்து அந்த மூலையில் அப்படியே நின்றுவிடும். அடித்து விரட்டினால் பின்னங்காலில் எழும்பி, ஏறியிருப்பவரை உதறிவிடும். மற்றவர்கள் எல்லோரும் அதில் ஏற மறுத்துவிட்டார்கள். வருகிற சனிக்கிழமை தான் ஏறப்போவதாக மாமா சொன்னார்.

"உனக்கென்ன விசரே? நீ சைக்கிளே ஒழுங்கா ஓடமாட்டாய்!"

"சைக்கிள் என்னை மதிக்கிறேல்லை அக்கா. குதிரை மதிக்கும்."

"விழுந்து செத்தியெண்டால் அம்மாவுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

மாமா சிரித்தார். அம்மா அழுதுகொண்டே கோயிலுக்குப் போனா. நானும் கூடப் போனேன். சுவாமி பலிபீடத்து மெழுகுதிரிகளை அணைத்துக்கொண்டு நின்றார். தம்பியைத் தடுக்கச் சொல்லி அம்மா கேட்க, அவர் திரும்பாமலே சொன்னார்:

"குதிரையில ஒரு பிழையும் இல்லை அம்மா. அது ஆருக்கோ வழி விட்டு நிக்குது."

வீடு வரும் வரைக்கும் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தா.

சனிக்கிழமை நல்ல வெயில். நாங்கள் முன்வரிசையில் இருந்தோம். அம்மாவின் மடியில் செபமாலை. சுவாமி கதவைத் திறந்தார். மாமாவைச் சுமந்துகொண்டு சாம்பல் குதிரை பாய்ந்து வந்தது, துள்ளியது, அந்த மூலையில் நின்றது. மாமா குதிகாலால் தட்டினார். அது அசையவில்லை. யாரோ முன்னால் நிற்பதுபோலக் காதுகளை முன்னுக்கு நீட்டி, வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு முன்னங்கால்கள் மெல்ல நிலத்தை விட்டுக் கிளம்பத் தொடங்கின. அம்மா கண்ணை மூடிக்கொண்டா.

சுவாமி கதவை விட்டுவிட்டு உள்ளே நடந்தார். தொப்பியைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து ஊதாத் தோள்துண்டை எடுத்து முத்தமிட்டுக் கழுத்தில் போட்டார். வேலியோரம் கிடந்த பீப்பாவில் பக்கவாட்டாக இருந்து, ஒரு கையால் முகத்தை மறைத்து, காதை அந்த வெறும் இடத்துக்குச் சாய்த்தார். மைக்கில் ஒருவர் ஏதோ பகிடி விட, விளையாட்டென்று நினைத்துச் சனம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் அவர் அப்படி இருந்துதான் என்னுடைய பொய்களையும் கேட்டவர்.

நெடுநேரம் கேட்டார். இடையில் ஒருமுறை "ம்" என்பதுபோலத் தலையை ஆட்டினார். கடைசியில் கையைத் தூக்கிச் சிலுவை வரைந்தார். குதிரை நீளமாக ஒரு மூச்சு விட்டது. கால்களை ஊன்றி, கழுத்தைத் தாழ்த்தி, அந்த மூலையைத் தாண்டி நடந்தது, பிறகு ஓடியது. மாமா விழவில்லை. அம்மா கண் திறந்தபோது அவர் எங்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

சனம் கலைந்த பிறகு நன்றி சொல்லப் போனோம். சுவாமி மரத்தூளில் முழந்தாளில் இருந்தார். அந்த முதிர்ந்த மனிதர் வேலியைச் சுற்றி முழந்தாளாலேயே மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார். காற்சட்டை கிழிந்து இரத்தம் கசிந்தது.

"சுவாமி, அங்க ஆரோட கதைச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"பாவசங்கீர்த்தனத்தில கேட்டதை வெளியில சொல்லக்கூடாது, பிள்ளை."

அம்மா சட்டென்று சிலுவை போட்டா. அவர் எதையோ தொலைத்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். நானும் பக்கத்தில் குனிந்து மரத்தூளைக் கிளறித் தேடினேன். வேண்டாமென்று அவர் சொல்லவில்லை.

இன்று என் பிள்ளைகளைப் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டிப் போகும்போது நினைத்துக்கொள்வேன். பாவம் மன்னிக்கப்பட்டாலும், செபமோ முழந்தாளில் நடப்பதோ, சுவாமி கொடுக்கிற தவத்தை நாம் செய்து முடிக்க வேண்டும். செத்துப் போன அந்தப் பெடியனுக்கு முழந்தாள் ஏது? அவனுடைய தவத்தை அன்றைக்கு யாருடைய முழந்தாள் செய்துகொண்டிருந்தது என்று, பக்கத்திலேயே குனிந்து தேடிய எனக்கு அப்போது தெரியவில்லை.