எஸ்தர் ஃபேன் போடவில்லை

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எஸ்தரின் கணவர் டேவிட் கூப்பிட்டார். முப்பது வருடம் தொழிற்சாலை இயந்திரங்களுக்கு நடுவே நின்று காது மந்தமானவர். போனில் எப்போதும் உரக்கத்தான் பேசுவார். அன்றும் அப்படியே பேசினார்.

"மூர்த்தி, எஸ்தர் போயிட்டாப்பா. நுரையீரலாம். பல மாசமா இருந்திருக்காம். மூச்சு விடுற சத்தத்துலயே தெரிஞ்சிருக்குமேன்னு டாக்டர் கேக்குறாரு. என் காது சங்கதிதான் உனக்குத் தெரியுமே. உனக்கு ஏதாவது கேட்டுச்சா?"

"இல்ல டேவிட்" என்றேன்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் எஸ்தர் கையால் காபி குடித்திருப்பீர்கள். அவர் மெட்டமைத்த விளம்பரப் பாட்டுகளை அவர் பெயர் தெரியாமலே முணுமுணுத்தவர்களும் இருப்பீர்கள். தொம்மலூரில் என் மாடி அறையில் பதினெட்டு வருடம் அவர் இசையை ஒலிப்பதிவு செய்தவன் நான்.

அவர் வீட்டு சோபாவில் பழைய கிட்டார் ஒன்று எப்போதும் கிடக்கும். விருந்தாளிதான் ஒதுங்கி உட்கார வேண்டும். நல்ல கிட்டார் அலமாரி மேல் பெட்டிக்குள் இருந்தது. "பெட்டியைத் திறக்குறதுக்குள்ள ட்யூன் ஓடிடும் மூர்த்தி. கைக்கு எட்டுறதுதான் வாத்தியம்" என்பார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் உள்ளங்கை அளவு ரெக்கார்டர் தொங்கும். அதன் சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் சுருதியே சேர்ப்பார்.

ஒருமுறை ஆனேக்கல் பஸ்ஸில் நின்றுகொண்டே அதை வாயருகே பிடித்து ஏதோ முனகினார். கண்டக்டர் கன்னடத்தில் யாருக்கு மேடம் போன் என்று கேட்டார். "ஹாடிகே" என்றார் எஸ்தர், பாட்டுக்குத்தான் என்று. பஸ்ஸே சிரித்தது. அந்த முனகல் பிறகு ஒரு நாடகத்தின் முகப்பு இசையானது. அதன் பின்னணியில் கேட்ட கண்டக்டரின் விசிலைக்கூட நீக்கவிடவில்லை.

அவரிடம் ஒரு விசித்திரப் பழக்கம். பதிந்ததைத் திரும்பக் கேட்கமாட்டார். "கேட்டா கை அரிக்கும், திருத்திடுவேன். வந்ததை வந்தபடி உனக்கு அனுப்புறேன், நீ கேளு." திங்கட்கிழமைதோறும் அந்த வாரத்துப் பதிவுகள் எனக்கு வரும். முதலில் கேட்கிற காது என்னுடையது என்பதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

போன மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு பதிவில், கிட்டார் ஓய்கிற இடங்களில், மெல்லிய உரசல் ஒன்று கேட்டது. ஃபேன் சத்தம் என்று முடிவு கட்டினேன். இரைச்சல் மட்டும் உள்ள ஒரு துண்டை மாதிரியாக எடுத்துக் கொடுத்தால், கணினி அதைப் பாட்டு முழுவதிலிருந்தும் நீக்கிவிடும். நீக்கினேன். அடுத்த வாரமும் அதே சத்தம். சலிப்பாக இருந்தது. அந்த மாதிரியைச் சேமித்து, 'எஸ்தர்' என்றே பெயரும் வைத்தேன். பிறகு ஒரு சொடுக்கில் வேலை முடிந்தது.

சில வாரங்களில் அது போதவில்லை. நீக்குகிற அளவைக் கொஞ்சம் கூட்டினேன். மறுபடியும் கூட்டினேன்.

"ஃபேனை நிறுத்திட்டுப் பாடேன்" என்று போனில் எரிந்து விழுந்தேன்.

"ஃபேனே போடலப்பா. ஜன்னலக்கூட சாத்தித்தான் வெச்சிருக்கேன்." சொல்லி முடிப்பதற்குள் இருமினார்.

"அப்ப ஏன் இருமுற?"

"தூசிப்பா. ரோடு பூரா தோண்டிப் போட்டிருக்கானே."

பழுது மைக்கில்தான் என்று என் நல்ல மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் எல்லாம் தெளிவாகப் பதிந்தது. உரசலும்தான். அவர் பாடும்போது மட்டும் அது ஏறுகிறது, கிட்டார் மட்டும் ஒலிக்கும்போது சீராக வந்து போகிறது என்பதைக் கவனித்தேன். ஃபேன் அப்படிச் சுற்றாது என்று கவனித்தவனுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? அளவை இன்னும் கூட்டினேன்.

கடைசியாக என் அறைக்கு வந்தபோது மாடிப்படியில் இரண்டு முறை நின்று வந்தார். நான் சுத்தம் செய்த பாட்டை நானே போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் பாடின மாதிரியே இல்லியே. என் மூச்சு எங்கப்பா போச்சு?" என்றார்.

"துடைச்சு எடுத்துட்டேன் பாத்தியா" என்று மார்தட்டினேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடக்கம் முடிந்து வந்து, எல்லாத் திங்கட்கிழமைகளையும் துடைக்காமல் வரிசையாகக் கேட்டேன். முதலில் பாட்டுக்கு அடியில் இருக்கிறது அந்தச் சத்தம். வாரம் ஏற ஏற மேலே வருகிறது. கடைசிப் பதிவில் பாட்டுதான் அதற்கு அடியில் இருக்கிறது.

'எஸ்தர்' என்ற அந்த மாதிரியை அழித்துவிட்டேன். துடைக்காத பதிவுகள் மட்டும் என்னிடம் இருக்கும். ஞாயிறு ஜெபக் கூட்டத்தில் அவருடைய கடைசிப் பாட்டைச் சுத்தமாகப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். மன்னியுங்கள், வந்தபடிதான் போடுவேன்.

டேவிட், போனில் உங்களிடம் பொய் சொன்னேன். எனக்குக் கேட்டது. வாரா வாரம் கேட்டது.