ஸ்டாவ்ரோ பேக்கரிக்குப் பக்கத்தில்

எங்கள் சூயஸ் தபால் நிலையப் படிக்கட்டுக்கு இடது பக்கம் ஒரு மடக்கு மேஜையும் தட்டச்சுப் பொறியும் வைத்துக்கொண்டு ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தவர் ஃபிக்ரி எஃபெந்தி. மனு எழுதுகிறவர்; படித்தவர் என்பதால் ஐயா என்கிற மாதிரி எல்லாரும் அவரை எஃபெந்தி என்போம். அரபியில் எழுதித்தர அந்தப் படியில் நாலு பேர் இருந்தார்கள், இங்கிலீஷுக்கு அவர் ஒருவர்தான். வீட்டுக்கு ஒரு பிள்ளை கப்பலில் இருக்கிற ஊர் என்பதால் அவருக்கு ஆள் வராத நாளே கிடையாது. நான் பயூமி, உள்ளே தபால்தலை விற்கிற கவுண்டரில் இருந்தவன். ஜன்னல் வழியாக அவருடைய முதுகும் வழுக்கைத் தலையும் எனக்குத் தெரியும். கிறுக்குப் பிடித்துச் செத்தார் என்று இப்போது ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சொல்கிற வாய் அழுகட்டும். அவருக்குக் கிறுக்கும் இல்லை ஒன்றும் இல்லை.

போருக்கு முன்னால் அவர் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் குமாஸ்தா. அறுபத்தேழில் ஊரையே காலி செய்து எங்களை அங்கங்கே கொண்டுபோய்க் கொட்டினார்களே, அப்போது அவர் மனைவியோடு ஸகாஸிக் போனார். ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் நாலு குடும்பம், நடுவில் போர்வைதான் சுவர். அங்கேயே மனைவி காய்ச்சலில் போய்ச்சேர்ந்தாள். பிள்ளைகள் இல்லை. கால்வாய் மறுபடி திறந்த வருஷம் தனியாளாகத் திரும்பி வந்து, தட்டச்சுப் பொறியைத் தூக்கிக்கொண்டு எங்கள் படியில் உட்கார்ந்தார்.

அவருக்கு இங்கிலீஷில் ரொம்பப் பிடித்த சொல் ஒன்று உண்டு: நியர். கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அன்பு, கடவுள், கடல் என்று எவ்வளவு பெரிய சொற்கள் இருக்கின்றன, இவருக்கு நியர். அதற்கென்று தனி நோட்டு. கப்பல் காகிதங்களிலும் பழைய பத்திரிகைகளிலும் அந்தச் சொல் வந்த வரிகளையெல்லாம் அதில் எழுதி வைத்திருந்தார். கடைக்குப் பக்கமும் அதுதான், சித்தப்பன் மகனும் அதுதான், பண்டிகை நெருங்குவதும் அதுதான், சாவுக்குப் பக்கத்தில் போய் மீள்வதும் அதுதான். அந்தக் காலத்தில் கஞ்சப்பயலைக்கூட அப்படித்தான் சொல்வார்களாம்.

"எவ்வளவு பக்கம்னு அது சொல்லவே சொல்லாது பயூமி" என்பார் டீயை உறிஞ்சிக்கொண்டே. "ஏஜெண்ட் ஆபீஸ்ல கப்பல் மிதவைக்குப் பக்கத்துல நிக்குதுன்னு நான் எழுதினா, எங்க துரை எத்தனை கெஜம்னு கேப்பான். கெஜம் தெரிஞ்சா கெஜத்தையே எழுதிட மாட்டேனா? தெரியாதப்போ பொய் சொல்லாம தப்பிக்கத்தானே அந்தச் சொல்லு."

எங்கள் ஊருக்கு அந்தச் சொல் இல்லாமல் ஆகாது. குண்டுக்குத் தப்பி நின்றது பத்தில் இரண்டு வீடுதான். புதிதாகக் கட்டிய குடியிருப்புகளுக்கு எண் கிடையாது, சந்துகளுக்குப் பெயர் கிடையாது. திரும்பி வந்த சனமோ பழைய அடையாளத்தையே சொல்லிக்கொண்டிருந்தது. ஒருநாள் மீன்பிடிக்கிற ஒருவன் வந்து உட்கார்ந்து, ஹம்மாமுக்கு, அதாவது பொதுக் குளியல் கூடத்துக்கு, பக்கத்தில் என்று எழுதச் சொன்னான்.

"எந்த ஹம்மாம்?" என்றார் ஃபிக்ரி. "அது இடிஞ்சு எட்டு வருஷமாச்சே."

"இடிஞ்சா என்ன எஃபெந்தி? இடம் எங்கயும் ஓடிடலையே."

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்துக்கொண்டே, நியர் என்று தட்டினார்.

எழுபத்தாறு பிப்ரவரி தொடக்கத்தில் உம்மு சப்ரி வந்தாள். சப்ரியின் அம்மா என்று அர்த்தம், ஊருக்குத் தெரிந்த அவள் பெயர் அது ஒன்றுதான். மீன் சந்தையில் விடியற்காலையிலிருந்து மீன் ஆய்ந்து கொடுக்கிறவள். கையெல்லாம் வெட்டுக்காயம். கணவன் போரில் போய்விட்டான். ஒரே மகன் சப்ரி ஒரு சரக்குக் கப்பலில் ஏறி ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவனோடு வேலை செய்த ஒருவன் அன்று ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். வட இங்கிலாந்தில் ஒரு துறைமுகத்து ஆஸ்பத்திரியின் விலாசம் அதில் இருந்தது. நெஞ்சில் சீக்கு, எழுந்து நடக்க முடியவில்லை, அம்மாவைப் பார்க்கணும் என்கிறான் என்று வாயால் சொல்லிவிட்டுப் போனானாம்.

"என் புள்ளைய அனுப்பி வைக்கச் சொல்லி எழுதுங்க எஃபெந்தி. எலும்பும் தோலுமா வந்தாலும் சரி, எங்கிட்ட வந்துடட்டும். நான் பாத்துக்கறேன்."

ஃபிக்ரி அழகாக எழுதினார். அரபியில் அவளுக்குப் படித்துக் காட்டியபோது, டீக்கு வெளியே வந்து நின்ற என் கண்ணே கலங்கியது. பிறகு பெயர் கேட்டார்.

"உம்மு சப்ரின்னு போடுங்க."

"அது இங்க சரி. இங்கிலீஷ்காரனுக்கு உங்க சொந்தப் பேரு வேணும்மா."

அவள் முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு, ஆண்கள் நாங்கள் நிற்கிறோமே என்று சுற்றும் பார்த்துவிட்டு, அவருடைய காதோரம் சொன்னாள். நான் மரியாதைக்குத் தலையைத் திருப்பிக்கொண்டேன். என் அம்மா பெயரை என் நண்பர்களுக்கு நான் சொன்னதில்லை, அவர்கள் அம்மா பெயரை நானும் கேட்டதில்லை. இங்கே வழக்கம் அது.

"வீடு எங்க?"

"ஸ்டாவ்ரோ பேக்கரிக்குப் பக்கத்துல."

ஃபிக்ரி ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது? சின்ன வயதில் அவரும் நானும் அந்தக் கிரேக்கனின் கடையில் சூடாக ரொட்டி வாங்கித் தின்றவர்கள். அர்பயீன் வட்டாரத்தில் அதைவிடத் தெளிவான விலாசம் எங்களுக்குத் தெரியாது. அங்கே பேக்கரி இல்லை, ஒரு கல்கூட மிச்சமில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் உறைக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அவள் தினமும் காலை பத்து மணிக்கு, மீன் வாடையோடு, என் கவுண்டருக்கு வருவாள். நான் உள்ளே திரும்பி, அர்பயீன் பக்கம் தபால் கொடுக்கிற நஸீஃபிடம் கேட்பேன். நஸீஃப் தெற்கே தூரத்தில் சோஹாக்கிலிருந்து வந்தவன், புது ஆள். சந்து சந்தாக எல்லார் வீட்டையும் அறிந்திருந்த பழைய தபால்காரர் அகதியாகப் போன இடத்திலேயே இறந்துபோயிருந்தார்.

"நஸீஃப், உம்மு சப்ரிக்கு ஏதாவது வந்திருக்கா?"

அவன் பையைப் புரட்டிப் பார்ப்பான். ஒழுங்கான பையன், சோம்பேறி இல்லை. "அந்தப் பேர்ல ஒண்ணும் இல்லண்ணே" என்பான்.

"இன்னிக்கு இல்லம்மா. நாளைக்குப் பாக்கலாம்" என்பேன் நான்.

"அல்லாஹ் பெரியவன்" என்று சொல்லிவிட்டுப் போவாள். போகும்போது படியில் ஃபிக்ரி டீ குடிக்கச் சொல்வார். ஒருநாளும் குடித்ததில்லை.

ஆள் கிடைக்காத கடிதங்களை நாற்பது நாள் உள்ளறை டிராயரில் வைத்திருந்து, பிறகு முத்திரை குத்தி, வந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவோம். ஏப்ரல் நடுவில் அந்தக் கட்டு என் மேஜைக்கு வந்தது. நாலாவதாக ஒரு நீல உறை, இங்கிலாந்து தபால்தலை. இன்ஷிரா அப்துல் ஆல், நியர் ஸ்டாவ்ரோ பேக்கரி. யாரோ மேலே அரபியில் பெயர்த்து எழுதியிருந்தார்கள். அதன் கீழே நஸீஃபின் கையெழுத்து: அப்படி ஒரு பேக்கரி இல்லை, அந்தப் பெயரில் யாரும் இல்லை. அதற்கு அடியில், அதே விலாசம் என்பதால் நாள் ஆகாமலே சேர்த்துக் கட்டிய இன்னொரு நீல உறை.

இன்ஷிரா யார் என்று எனக்கும் தெரியாது. பேக்கரிதான் எனக்கு உறைத்தது. உம்மு சப்ரி அன்று படியில் சொன்ன விலாசம்.

நஸீஃபைக் கூப்பிட்டேன். "தேடினேண்ணே, சத்தியமா" என்றான். "அந்த ஏரியா முழுக்க எங்க தெற்குச் சீமை ஆளுங்க, புதுசா வந்தவங்க. பேக்கரின்னா முழிக்கறாங்க. இன்ஷிரான்னு ஒரு பொம்பளை இருக்காளான்னு ஒவ்வொரு வாசல்லயும் கேட்டேன். எதுத்த வீட்டு ஆளு, பொம்பளை பேரைச் சொல்லி விசாரிக்கறியேன்னு அடிக்கவே வந்துட்டான். ரெண்டாவது லெட்டர் வந்தப்போ நான் போகவே இல்ல, நேரா எழுதி டிராயர்ல போட்டுட்டேன்."

வாசலுக்குப் போய் ஃபிக்ரியின் முன்னால் உறைகளை வைத்தேன். அவர் பிரித்துப் படித்தார். முதல் கடிதம்: மாலுமிகளுக்கான ஒரு சங்கம் சப்ரியைக் கப்பலேற்றி அனுப்பத் தயார், மார்ச் கடைசியில் சூயஸ் வழியாகப் போகிற கப்பல் ஒன்று இருக்கிறது, துறையில் வந்து அவனை ஏற்றுக்கொள்ள ஆள் உண்டு என்று பதில் ஒரு வரி வந்தால் போதும். இரண்டாவது: பதில் வராததால் அவன் ஆஸ்பத்திரியிலேயே இருந்தான், ஏப்ரல் முதல் தேதி இறந்துவிட்டான், அங்கேயே அடக்கம் செய்தாயிற்று, அவனுடைய சாமான்களை எங்கே அனுப்புவது?

ஃபிக்ரி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் எப்படி ஆனார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அதைத்தான் கிறுக்கு என்கிறார்கள். அந்தச் சொல்லை அவர் மறுபடி தட்டவே இல்லை. விலாசம் கேட்டால், இன்றைக்கு நிற்கிற எதையாவது சொல் என்பார். சொன்னாலும் நம்பாமல், வந்தவனோடு வீடுவரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுவார். அவசரக்காரர்கள் யார் காத்திருப்பார்கள்? ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். எண்பத்திரண்டில் சாகிறவரை வெறும் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பாவி மனுஷன், தன்னை மன்னிக்கவே இல்லை.

உறைகளைப் பிரித்த மறுநாள் காலை, அவள் வருவதற்கு முன்னால் நான் அவரிடம் கெஞ்சினேன்.

"ரெண்டாவதை மட்டும் படிங்க எஃபெந்தி. முதல் லெட்டர் வேண்டாம். சீக்குல போயிட்டான்னு இருக்கட்டும். ஒரு வரி பதில் போட்டிருந்தா வந்திருப்பான்னு தெரிஞ்சு அவ என்ன பண்ணப் போறா?"

"பயூமி, அவ எங்கிட்டதானே படிக்கக் குடுக்கறா. வேற யார்கிட்ட போவா?"

பத்து மணிக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார வைத்தார். இரண்டையும் படித்தார், ஒரு வரிகூட விடாமல். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவள் அழவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. நான் அதையாவது எதிர்பார்த்தேன்.

"தப்பு என்னோடது. விலாசம் நான் எழுதினது" என்றார் ஃபிக்ரி.

"நான் சொன்னதைத்தானே எழுதினீங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "முதல் லெட்டர் என்னிக்கு வந்துச்சு தம்பி?"

முத்திரையைப் பார்த்தேன். "மார்ச் ரெண்டு. செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கிழமையா." விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். "அன்னிக்கு மழை தூறுச்சு. நான் இங்கதானே வந்திருந்தேன். உங்கிட்டதானே கேட்டேன்."

"ஆமா" என்றேன். அந்தக் கடிதம் அப்போது எனக்குப் பின்னால் மூன்றடியில், நஸீஃபின் பையில் இருந்தது. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஃபிக்ரி பொறியில் ஒரு தாளைச் சொருகினார். சாமான்களைப் பற்றிப் பதில் போட வேண்டுமே. எழுத்துக்கட்டைகளின் மேல் விரலை வைத்தபடி, எந்த இடத்துக்கு அனுப்பச் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"இந்த ஆபீசுக்கே அனுப்பச் சொல்லுங்க எஃபெந்தி" என்றாள். "நான்தான் தினமும் இங்க வந்து நிக்கறேனே."