பொம்மசந்திராவில் பாதிக் காபி

மகளைக் கம்பெனி விடுதியில் விட்டுவிட்டு, எதிரே காபிக் கடையில் நிற்கிறேன். ஓசூர் பஸ் இரண்டு போய்விட்டது. யாரையும் தெரியாத ஊரில் இவளை எப்படி விட்டுப் போவது? திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விடலாமா?

பக்கத்தில் ஓர் ஆட்டோக்காரர் வந்து நிற்கிறார்.

"அண்ணா, பை டூ சொல்லட்டா? ஆளுக்குப் பாதி."

அவர் கையில் காசில்லை போலிருக்கிறது. "நீங்க முழுசாவே குடிங்க, நான் தரேன்" என்கிறேன்.

அவர் சிரிக்கிறார். "அய்யோ, காசு இருக்கு சாமி! ஒத்தையா குடிச்சா இங்க காபி எறங்காது. வேலூர்லேர்ந்து வந்த புதுசுல எனக்கும் ஒருத்தரையும் தெரியாது. மொத சிநேகிதமே இப்டி பாதிக் காபியிலதான் ஆச்சு." கடைக்காரர் பக்கம் திரும்பிக் கன்னடத்தில், "குரு, ஒந்து பை டூ கொடி!" என்கிறார்.

சுற்றிப் பார்க்கிறேன். பல பேர் கையில் பாதித் தம்ளர்தான். ஒருவர் தெலுங்கில் ஏதோ சொல்ல, அவருடைய மீதிப் பாதியைக் குடிக்கிறவர் உருதுவில் பதில் சொல்லிச் சிரிக்கிறார். இத்தனை பெரிய ஊர் இப்படியா பழகிக்கொள்கிறது! என் பாதித் தம்ளரை நானும் வாங்கிக்கொள்கிறேன்.

மகள் போன் செய்கிறாள். "பஸ் ஏறிட்டியாப்பா?"

"ஏறப் போறேம்மா. காபி குடிக்கிறப்ப பக்கத்துல நிக்கிற பொண்ணுகிட்ட பாதி வேணுமான்னு கேளு. என்னை மாதிரி ஒத்தையா நிக்காத."