பூனை விநியோகத் துறை என்னைத் தேர்ந்தெடுத்த கதை

இன்று காலை சித்திரபுரத்தில் என் ஜீப் சீட்டில் ஒரு மஞ்சள் பூனை. கத்தினால் மூணாறு வரை கேட்கும்.

இணையத்தில் பூனைப் பிரியர் குழுவில் படம் போட்டு, "யாருடையது? வந்து கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

உலகமே திரண்டு வாழ்த்தியது. "பூனை விநியோகத் துறை உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டது!" தானாக வீடு தேடி வரும் பூனைக்கு அங்கே அப்படித்தான் சொல்வார்களாம். அந்தப் பூனைக்கு நான் இனி "ஊழியராம்".

முதல் வாழ்த்து எதிர்வீட்டுச் செல்வியுடையது.

"அண்ணாச்சி, மத்தி மீன் வாங்கிப் போடுங்க. மீன் தலையைக் கிள்ளிருங்க, அது தின்னாது."

மக்களே, காலையில் வந்த பூனை தலை தின்னாதென்று செல்விக்கு எப்படித் தெரியும்?

கேட்டேன். எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. நீங்களாவது பதில் சொல்லுங்கள்.