மெஷினில் ஏறாத பேட்

கார் பாலிஷ் மெஷினின் முகத்தில் ஒட்டும் ஸ்பாஞ்சை நாங்கள் பேட் என்போம். சப்பாத்தி அகலம், இரண்டு விரல் தடிமன், பின்பக்கம் வெல்க்ரோ. கீறல் எடுக்க ஆரஞ்சு, பளபளப்புக்கு வெள்ளை, கடைசித் துடைப்புக்குக் கறுப்பு. ஒரு பாக்கெட்டில் ஒரே நிறத்தில் ஆறு வரும். அந்த ஆறில் ஒன்றை அவர் மெஷினில் ஏற்றவே மாட்டார்.

அவர் தாராவியில் எங்கள் சந்திலேயே நாலு வீடு தள்ளி இருந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். செம்பூரில் கார் கழுவி பாலிஷ் போடும் ஒரு கடையில் வேலை. ஆறு வருடம் ரப்பர் பூட்ஸோடு தண்ணீரில் நின்று கார் கழுவிய பிறகுதான் மெஷின் அவர் கைக்கு வந்தது. தண்ணீரிலிருந்து மேலே ஏறியவர் என்று சந்தில் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. நான் பி.காம் முடித்து வீட்டில் இருந்தபோது, "எங்க சந்துல ஒரு பிள்ள காலேஜு முடிச்சிருக்கு சார், கம்ப்யூட்டர் பாக்கும், இங்கிலீஷு பேசும்" என்று முதலாளியிடம் சொன்னவர் அவர்தான். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் எட்டாவதைத் தாண்டியதில்லை. காலேஜ் அடையாள அட்டையை வேலைக்குப் போன பிறகும் பர்ஸில் வைத்திருந்தவள் நான்.

முதல் நாள் காலை ரயிலில் கூடவே வந்தார். குர்லாவில் மாறும்போது சொன்னேன், "அண்ணே, கடையில தங்கச்சின்னு கூப்பிடாதீங்க. நான் சூப்பர்வைசர் இல்லையா. மத்தவங்க மதிக்க மாட்டாங்க."

அவர் சிரித்தார். "அதுக்கென்ன. உள்ள போனா மேடம், வெளிய வந்தா தங்கச்சி. சரிதான, பராபர்?"

"பராபர்."

அந்தக் கணக்கை அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை. கடை ஷட்டரைத் தாண்டி வெளியே வந்ததும், "தங்கச்சி, வடாபாவ் திம்பமா?" என்பார்.

வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதம் பேட்களுக்கு ஒரு ஷீட் போட்டேன். அதற்கு முன் எந்த பேட் எத்தனை வண்டி பார்த்தது என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் பிய்ந்து தொங்கும்வரை ஓட்டுவார், இன்னொருவர் இரண்டே வண்டியில் குப்பையில் போடுவார். நான் ஒவ்வொரு பேட்டின் பின்பக்கமும் மார்க்கரில் எண் போட்டேன். எட்டு வண்டி, அதற்குமேல் கூடாது. பாக்கெட்டோடு வந்த காகிதத்தில் இருந்ததும் கிட்டத்தட்ட அதுதான். மாட்டுங்காவிலிருந்து தினமும் வெள்ளைச் சட்டையில் வரும் முதலாளிக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. "பாருங்கோ, படிச்ச பொண்ணு வந்தா கடைக்கு ஒரு ஒழுங்கு வருது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்று வீட்டில் அதை நான் மூன்று முறை சொன்னேன்.

எண்ணிக்கை இடித்தது அண்ணனிடம் மட்டும்தான். அவருடைய பாக்கெட்டில் எப்போதும் ஐந்துதான் ஓடும். ஆறாவதை இறுக்கமான மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருந்தார். தினமும் காலையில் அதைத் திறந்து, இடது கையில் அந்தப் புது பேட், வலது கையில் ஓட்டப்போகிற பேட், இரண்டையும் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி விடுவார். கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்து மெஷினில் வேலை பார்க்கிறவர், "அண்ணாச்சி மாவு பெசைய ஆரம்பிச்சிட்டாரு, ரொட்டி ரெடியாவும்" என்பார். "ஒனக்கு ரொட்டி கெடயாதுல" என்று இவர் கண்ணைத் திறக்காமலே பதில் சொல்வார்.

நான் கேட்டேன், "அது எதுக்குண்ணே சும்மா கெடக்கு?"

"ஒரே பாக்கெட்டுதான் மேடம், ஆனா ஆறும் ஒண்ணு கெடயாது. ஒண்ணு மூணு வண்டிலயே தொவண்டு போவும், ஒண்ணு பத்து ஓடும். அழுத்திப் பாத்தாத்தான் தெரியும்."

"அதான் எட்டுன்னு கணக்கு இருக்கே."

"வெயிலு காலத்துல எட்டு சரி. மழையில கழுவுன பேட் எங்க காயுது? ஈரத்தோட அப்படியே எளகிரும். எல்லாமே கொஞ்சங்கொஞ்சமா எளகுதப்ப கைக்கும் அது பழகிரும் மேடம். இதான் சரின்னு நெனச்சிக்கிடும். கை மறந்துரக் கூடாதுல்ல, அதுக்குத்தான் இது."

நான் கேட்டேன், ஆனால் கேட்டுக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது. எண் போட்டு எழுதிவைத்த ஒன்றைக் கட்டைவிரல் மறுக்கிறதே என்ற எரிச்சல். ஜூன் முதல் வாரம் ஸ்டாக் எடுத்தபோது அவருடைய டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்த பேட்டுக்கு எண் போட்டு, ஷீட்டில் ஏற்றி, மெஷினுக்குக் கொடுத்துவிட்டேன். இனி யாரும் பேட்டைத் தனியாக எடுத்து வைக்கக் கூடாது என்று சுவரிலும் ஒட்டினேன். அவர் காலியான டப்பாவைப் பார்த்தார். "சரி மேடம்" என்றார். மறுநாளிலிருந்து அதில் மதியச் சோற்றுக்கு ஊறுகாய் கொண்டுவந்தார்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஷட்டருக்குள் கொடி கட்டி, மின்விசிறி வைத்தும் பேட்கள் காயவில்லை. தொட்டால் குளிர்ந்து கிடக்கும். எல்லாம் ஒன்றுபோல இளகியதால் எது சரி, எது சரியில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை என்றுதான் நினைக்கிறேன். காலையில் வெறும் கையோடு ஒரே பேட்டைத் திருப்பித் திருப்பி அழுத்துவார், பிறகு மெஷினில் மாட்டுவார்.

ஜூலையில் ஒரு கறுப்புக் கார் வந்தது. முதலாளிக்கு வேண்டியவருடையது. அண்ணன்தான் மெஷின் போட்டார். பேட் தளர்ந்துபோனால் மெஷின் சுழலும், ஆனால் கீறலை எடுக்காது. எடுக்கவில்லையே என்று கை தானாக அழுத்தும். அழுத்தினால் சூடு. அன்று பானெட்டின் விளிம்பில் அந்தச் சூட்டில் நடு ஸ்பாஞ்ச் அமுங்கி, பின்னாலிருக்கும் கெட்டித் தட்டு இடித்து, பெயிண்டின் மேல்பூச்சு போய் அடியிலிருந்த வெள்ளை தெரிந்தது. கைவிரல் நீளம். கறுப்புக் காரில் அது கண்ணைக் குத்தியது.

முதலாளி என்னைத்தான் கூப்பிட்டார். "இந்த பேட் எத்தனாவது வண்டிம்மா?"

ஷீட்டைத் திறந்தேன். "நாலாவது சார்."

"எட்டு ஓடணும் இல்லையா?"

"ஆமா சார்."

"அப்போ பேட்ல கோளாறு இல்லை. கையிலதான் கோளாறு." அண்ணன் பக்கம் திரும்பினார். "நீ என்னப்பா சொல்றே?"

அவர் கையில் இன்னும் மெஷின் இருந்தது. "சார், பேட் எளகியிருக்கு. புதுசு ஒண்ணு பக்கத்துல வச்சுப் பாத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். மேடத்துகிட்ட கேளுங்க, அவங்களுக்குத் தெரியும்."

முதலாளி என்னைப் பார்த்தார். அண்ணனும் பார்த்தார். டப்பாவைக் காலி செய்தது நான்தான் என்று ஒரு வரி. அதைச் சொன்னால் எனக்குப் பெரிதாக எதுவும் ஆகியிருக்காது. முதலாளியின் முகம் கொஞ்சம் சுருங்கியிருக்கும், அவ்வளவுதான். அந்தச் சுருக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன்.

"ஷீட்ல அப்படி எதுவும் இல்ல சார்" என்றேன்.

அது பொய்யில்லை. ஷீட்டில் அப்படி எதுவும் இல்லைதான்.

மறுநாளிலிருந்து அவர் மீண்டும் கழுவும் பக்கம். பூட்ஸ் பழைய இடத்திலேயே இருந்தது. பன்னிரண்டு நாள் வந்தார், பிறகு வரவில்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் மாலையில் ஷட்டருக்கு வெளியே வந்த பிறகும் என்னை "மேடம்" என்றே கூப்பிட்டார். கோபமாக இல்லை. "மேடம், குடை கொண்டுவந்தியளா? மழை வரும்" என்றுகூட ஒருநாள் சொன்னார். நான் குடையை எடுத்துக் காட்டினேன். ஒரு மாதத்தில் குடும்பத்தோடு நெருளுக்குக் குடிபோய்விட்டார். அங்கே ஒரு ஷோரூமில் கார் கழுவும் வேலை என்று எங்கள் அம்மா சொன்னாள். "மெஷினா?" என்று கேட்டேன். "தண்ணியாம்" என்றாள்.

அடுத்த மழைக்கு முன் நான் ஷீட்டில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன். ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு பேட் மெஷினில் ஏறக் கூடாது, மூடிய டப்பாவில் இருக்க வேண்டும், தினமும் காலையில் மற்றவற்றை அதனோடு அழுத்திப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பானெட்டுகள் பிழைத்தன. முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, "இதுக்குத்தான் படிச்சவா வேணும்ங்கறது" என்றார். பக்கத்து மெஷின்காரர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, தன் மெஷினின் வயரைச் சுற்றத் தொடங்கினார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. முதல் முறை பயத்தில் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது முறைக்கு எனக்குக் காரணமே கிடைக்கவில்லை.

போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெருள் போனேன். பையில் இரண்டு ஆரஞ்சு பேட் வைத்திருந்தேன். ஒன்று டப்பாவிலிருந்தது, இன்னொன்று ஆறு வண்டி ஓடியது. ஷோரூம் பின்வாசலில் அவர் ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, "வாங்க மேடம். அம்மா நல்லாருக்காவளா?" என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். டப்பாவைப் பற்றி, ஷீட்டில் சேர்த்த கட்டத்தைப் பற்றி, அதற்கு யாருக்குப் பாராட்டு கிடைத்தது என்பதைப் பற்றி. முதலாளியிடம் இப்போது பேசுகிறேன், மெஷினுக்கே திரும்ப வாருங்கள் அண்ணே என்றேன். பேட்களை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. கட்டைவிரலால் அழுத்தினார். கண்ணை மூடினார். தண்ணீரில் ஊறி வெளுத்திருந்த விரல்கள் கொஞ்ச நேரம் அழுத்தி அழுத்தி விட்டன.

"ரெண்டும் ஒண்ணுதான மேடம்?" என்றார்.

ஒன்றில்லை. ஆறு வண்டி வித்தியாசம் இருந்தது, எனக்கே விரலில் தெரிந்தது. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லையா, என்னோடு வர விருப்பமில்லாமல் அப்படிச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் செய்தது நான்தான்.

"ஆமாண்ணே" என்றேன். பேட்களை வாங்கிப் பையில் வைத்தேன். அவர் குழாயைத் திறந்தார்.