பட்டாபட்டி போட்ட மாவீரன்

போன வாரம் இந்தப் பக்கத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அபிராமபுரத்திலிருந்து மேற்கு மாம்பலத்துக்கு வீடு மாற்றியபோது, என் காலேஜ் நாளைய டிராயிங் நோட்டுகள் டிரங்குப் பெட்டியில் கிடைத்தன, அதிலிருந்து ஒரு படத்தை அடுத்த இதழில் போடுகிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா?

பத்திரிகை கடைக்கு வந்த அன்று சாயங்காலமே வாசலில் சைக்கிள் மணி.

பழைய நண்பன். மயிலாப்பூரில் ஒரு ஸ்கூலில் கணக்கு வாத்தியார். தன் பெயர் எங்கேயும் வரக்கூடாது என்று நுழைந்தவுடனே கையில் அடித்துச் சத்தியம் வாங்கினான். ஆகவே, இப்போதைக்கு வெறும் 'நண்பன்'.

"படத்தைக் கொடுத்துட்டியா?"

"நாளைக்குத்தான்."

"அப்பாடா!" என்று நாற்காலியில் சாய்ந்தான்.

விஷயம் இதுதான். லஸ் பிளாட்பாரத்தில் பழைய இங்கிலீஷ் காமிக்ஸ் வாங்கிப் படித்த காலத்தில் நானும் ஒரு மாவீரனை உண்டாக்கினேன். பெயர் சூறாவளிச் சூரன். மாடலாக நிற்க அகப்பட்டவன் இவன். மொட்டை மாடியில், என்.சி.சி. காக்கி பேண்ட்டுக்கு மேலே பட்டாபட்டி அண்டர்வேர். முதுகில், அவன் அம்மா உலர்த்தியிருந்த அரக்குப் புடவை — ஒன்பது கஜம், நாலாக மடித்தும் தரையில் புரண்டது. ஒரு கையை ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு பறக்கிற போஸ். அதுவும் சித்திரை வெயிலில்...

"இப்பத்தாண்டா அசிஸ்டென்ட் ஹெட்மாஸ்டர் ஆக்கியிருக்கா. சட்டையை வெளில விட்டுண்டு வந்தாலே பசங்களை வெளில நிக்க வைக்கறவன் நான். பட்டாபட்டியை பேண்ட்டுக்கு மேல போட்டுண்டு நான் நிக்கற படம் வந்தா, ஒருத்தன் மதிப்பானா?"

நியாயம்தான். ஆனால் என் கர்வம் குறுக்கே நின்றது. எனக்குள் ஒரு ஓவியன் இருந்தான், ஆபீஸ் ஃபைல்கள்தான் அவனை அமுக்கிவிட்டன என்று இத்தனை வருஷமாக மனைவியிடம் அளந்து வந்திருக்கிறேன். நிரூபிக்க ஒரு சான்ஸ் வந்தால் விடுவேனா?

"மூஞ்சி அச்சு அசலா உன்னோடதாச்சே, அதான் யோசிக்கறேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே நோட்டை எடுத்து வந்தேன். உண்மையில், தூசி தட்டியதோடு சரி. நானே இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே எழுதுவதுதானே எங்கள் தொழில்!

நண்பன் பயந்து பயந்து புரட்டினான். ஒரு பக்கத்தில் நிறுத்தினான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"இதுல நான் எங்கடா?"

"இதோ... இதான் நீ."

"இதுவா?"

காபி கொண்டுவந்த என் மனைவியிடம் நோட்டை நீட்டினான். "மன்னி, இது யார்னு தெரியறதா?"

அவள் நிதானமாகப் பார்த்தாள். "எதிராத்து மாமா எண்ணெய் தேச்சுக் குளிக்கப் போறாப்பல இருக்கு."

சுருக்கென்றது எனக்கு. அவளோ காபி ஆறிவிடப் போகிறதே என்று கவலைப்பட்டாள்.

நண்பன் விடவில்லை. "கை எங்கடா?"

"பின்னால கட்டிண்டிருக்கான்."

"சூரன் ஏண்டா கையைக் கட்டிண்டு நிக்கறான்? என் ரூம் வாசல்ல நிக்கற பசங்க மாதிரி?"

"எனக்குக் கை வரைய வராது..."

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அப்போ எதுக்குடா வெயில்ல என் கையை அத்தனை நாழி தூக்கிண்டு நிக்கச் சொன்னே?"

அவசரமாக மற்றப் பக்கங்களைப் புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும் அதே எதிராத்து மாமா, கையைக் கட்டிக்கொண்டு. பறக்கிற படத்தில்கூட. எனக்குள் இருந்த ஓவியனை ஆபீஸ் அமுக்கியிருக்காவிட்டால் ஊர் அமுக்கியிருக்கும்.

சரி, இனி கவலையில்லாமல் வீட்டுக்குப் போவான் என்று நினைத்தேன். போகவில்லை. மானம் போய்விடுமே என்று ஓடி வந்தவன், அடையாளமே தெரியவில்லையே என்று மனம் நொந்து உட்கார்ந்திருந்தான். எது பெரிய கஷ்டம், சொல்லுங்கள்? கேலி செய்துவிடுவார்களே என்பதா, யாரென்றே தெரியாமல் போவதா?

கடைசியில் எழுந்தான். வாசல் வரை போய்த் திரும்பி, "கீழே என் பேரைப் போட்டுடு. முழுப் பேரா" என்றான்.

"சத்தியம்?"

"அது, படத்துல நான் இருக்கேன்னு நெனச்சுண்டு வாங்கினது!"

மறுநாள் படத்தைப் பத்திரிகை ஆபீசில் கொடுத்தேன். ஆசிரியர் ஒரு நிமிஷம் பார்த்தார். 'அச்சுக்குத் தேறாது' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதனால் வாசகர்களே, படம் இல்லை. நண்பன் கேட்டபடி பெயரை மட்டும் போட்டுவிடுகிறேன்: எம். சம்பத்குமார், அசிஸ்டென்ட் ஹெட்மாஸ்டர், மயிலாப்பூர்.